கண்ணாடிப் பெட்டிக்குள் பறை: அருங்காட்சியகம் நம்மைப் பற்றிச் சொன்னதும் சொல்லாததும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். இந்தப் பகுதியின் சேரிகளில் பறை எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சிறுவயதிலேயே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மரத்துண்டுகளை வளைத்து இணைத்து வட்டச் சட்டம் செய்வார்கள். பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டுவார்கள். அடிப்பதற்கு முன் வைக்கோல் தீயில் காய்ச்சுவார்கள். ஒரு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி, மறு கையில் தடித்த அடிக்குச்சி. தீயில் காய்ந்த தோலை விரலால் சுண்டிப் பார்த்து, "இப்போது பேசும்" என்பார் பெரியவர்.

இதே கருவி ஓர் அருங்காட்சியகத்துக்குள் போனால் என்ன ஆகிறது? பதிவேட்டில் ஓர் எண் கிடைக்கிறது. கருவியின் பெயர், செய்யப்பட்ட பொருள், பயன்படுத்தும் சாதி, பயன்படும் சடங்கு என நான்கு விவரங்கள் கொண்ட ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது. தீ கிடையாது, கை கிடையாது, ஒலியும் கிடையாது. அதை அடிக்க மறுத்ததற்காக அடிவாங்கியவரின் கதையும் கிடையாது. எஞ்சுவது ஒரு விந்தைப் பொருள் மட்டுமே.

மானிடவியல் அருங்காட்சியகங்களில் இருக்கும் இத்தகைய பொருட்கள் யாரால், எதற்காகச் சேகரிக்கப்பட்டன, எதை நிரூபிக்கப் பயன்பட்டன, எவை சேகரிக்கப்படாமலே விடப்பட்டன என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியம். இன்றும் கல்லூரிப் பாடநூல்களில் நம்மைப் பற்றி எழுதப்படும் பல வாக்கியங்கள் அந்தச் சீட்டுகளிலிருந்து கிளம்பியவைதான்.

எழும்பூரில் தொடங்கிய சேகரிப்பு

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர். மானிடவியல் அங்கே வேரூன்றியது 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் காலத்தில். அவர் மருத்துவம் பயின்றவர். 1901இல் பிரிட்டிஷ் அரசு இந்தியா முழுவதும் இனவரைவியல் கணக்கெடுப்பைத் தொடங்கியபோது சென்னை மாகாணத்துக்கான பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' 1909இல் 7 தொகுதிகளாக வெளிவந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட சமூகங்கள் அதில் ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்பட்டன.

தர்ஸ்டன் இரண்டு விதமாகச் சேகரித்தார். பொருட்களைச் சேகரித்தார், உடல்களின் அளவுகளையும் சேகரித்தார். அளவுகோலும் மூக்கையும் தலையையும் அளக்கும் கவராயங்களும் அவருடைய பயணப் பெட்டியில் எப்போதும் இருந்தன. சென்னையில் அவர் நடத்திய மானிடவியல் வகுப்புகளுக்குக் காவல்துறை அதிகாரிகளும் வந்தார்கள். ஆய்வும் கண்காணிப்பும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்கு இந்த ஒரு செய்தி போதும்.

தம் தொகுதியின் முன்னுரையில் அவரே ஒரு சம்பவத்தைப் பதிவுசெய்கிறார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்களாம். தங்களுள் சிறந்தவர்களைப் பிடித்து, பஞ்சு அடைத்து, சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்தப்போகிறார் என்று அவர்கள் அஞ்சியதுதான் காரணம். தர்ஸ்டன் இதை வேடிக்கையாகச் சொல்கிறார். நமக்கு இது வேடிக்கையாகத் தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாக அடிமை உழைப்பில் வைக்கப்பட்டிருந்த அந்தப் பெண்களுக்கு, ஆளும் வர்க்கத்தின் மனிதர் ஒருவர் அளவுகோலோடு வந்தால் தங்கள் உடல் தங்களுக்குச் சொந்தமில்லை என்பது தெரிந்திருந்தது. அருங்காட்சியகம் என்றால் என்ன என்பதை அவர்கள் மிகச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள்.

நாய்க்குப் பெயர் உண்டு, மனிதருக்கு இல்லை

தர்ஸ்டனின் தொகுதிகளில் ஏராளமான ஒளிப்படங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றின் கீழே இருப்பது சாதிப் பெயர் மட்டுமே. படத்தில் நிற்பவரின் பெயர் என்ன, எந்த ஊர், யாருடைய நிலத்தில் வேலை செய்தார், படம் எடுக்க ஒப்புக்கொண்டாரா என்ற எதுவும் இல்லை. அங்கே மனிதர் ஒரு மாதிரி மட்டுமே.

இதை நம் மாவட்டத்தின் வேறொரு பொருளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். தண்டராம்பட்டு வட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக எடுக்கப்பட்ட அந்தக் கல்லில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வரை எதிர்த்துக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. சுமார் 1400 ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் ஒரு நாயின் பெயரைக்கூடக் கல்லில் வெட்டி வைக்க முடிந்தது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒளிப்படக் கருவியும் அச்சு இயந்திரமும் கையில் இருந்தும் ஒரு மனிதரின் பெயரை எழுத யாருக்கும் தோன்றவில்லை. வசதி இல்லாததால் விடுபட்ட பெயர்கள் அல்ல இவை. பெயர் தேவையில்லை என்ற முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

வளரியும் மூக்கும்

விந்தைப் பொருட்கள் வெறும் காட்சிக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு கோட்பாட்டுக்குச் சாட்சியாக நிறுத்தப்பட்டது. வளரியை எடுத்துக்கொள்வோம். தஞ்சை ஆயுதக் கிடங்கிலிருந்து வந்த மூன்று வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பதாகத் தர்ஸ்டன் எழுதுகிறார். இரண்டு யானைத் தந்தத்தாலானவை, ஒன்று மரத்தாலானது. எறிந்து வேட்டையாடும் இந்தக் கருவி ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பூமராங்கைப் போலிருந்ததால், தென்னிந்தியர்களும் ஆஸ்திரேலியப் பழங்குடிகளும் ஒரே இனம் என்ற வாதத்துக்கு அது ஆதாரமாக்கப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குத் தம் பெயரையே தந்த பிட் ரிவர்ஸ் இந்த வழியில் வாதிட்டவர்களில் ஒருவர். வளைந்த ஒரு மரத்துண்டிலிருந்து மனித இனங்களின் படிநிலையையே வரைந்துவிட முடியும் என்று அக்காலம் நம்பியது.

அதே நம்பிக்கைதான் மூக்கையும் அளந்தது. மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் கிடைப்பது 'நாசிக் குறியீடு'. வங்காளத்தில் இந்த அளவுகளை எடுத்த ஹெர்பர்ட் ரிஸ்லி, ஒரு சாதியின் சமூகத் தகுதி அதன் மூக்கின் அகலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது என்று 1891இல் அறிவித்தார். மூக்கு அகலமானால் சாதி தாழ்ந்தது, ஒடுங்கினால் சாதி உயர்ந்தது என்பதே இதன் பொருள். மனுவின் நூல் மதத்தின் பெயரால் சொன்னதை ரிஸ்லியின் அட்டவணை அறிவியலின் பெயரால் சொன்னது. தென்னாட்டில் தர்ஸ்டனின் கவராயமும் இந்தக் கேள்வியின் பின்னேதான் நடந்தது.

இந்தக் கருவியை அதன் உரிமையாளர்களுக்கு எதிராகவே திருப்பியவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' நூலில், தீண்டாமைக்கு இனவேறுபாடே காரணம் என்ற கோட்பாட்டை அவர் ஆராய்கிறார். ஜி.எஸ். குர்யே போன்றோர் தொகுத்த உடலளவுகளையே எடுத்து வைத்து, மாகாணம் மாகாணமாக ஒப்பிட்டு, பார்ப்பனருக்கும் தீண்டப்படாதாருக்கும் இடையே இனவேறுபாட்டை இந்த அளவுகள் காட்டவில்லை என்று நிறுவுகிறார். பார்ப்பனர் ஆரியர் என்றால் தீண்டப்படாதாரும் ஆரியரே. பார்ப்பனர் திராவிடர் என்றால் தீண்டப்படாதாரும் திராவிடரே என்பது அவருடைய வாதத்தின் சாரம். சாதி உடலில் இல்லை. அது சமூகத்தில் உண்டாக்கப்பட்டது, ஆகவே ஒழிக்கப்படக்கூடியது.

இதில் நம் மாணவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. காலனிய ஆவணத்தைக் கோபத்தில் தூக்கி எறிந்துவிட வேண்டியதில்லை. அதன் எண்களையே எடுத்து அதன் முடிவைத் தகர்க்க முடியும்.

எதைக் காட்டினார்கள், எதை மறைத்தார்கள்

சென்னை அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற விந்தைப் பொருட்களில் ஒன்று 'மெரியா' பலிக்கம்பம். இன்றைய ஒடிசாவின் கந்தமால் பகுதியில் வாழும் கோண்டு பழங்குடிகளின் மலைநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. நரபலி கொடுக்கும்போது மனிதரை அதில் கட்டினார்கள் என்பது அதன் கதை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நரபலியை ஒடுக்குவதாகச் சொல்லிப் பிரிட்டிஷ் படை அந்த மலைகளுக்குள் நுழைந்தது, கிராமங்கள் எரிந்தன, மலைநாடு கும்பெனியின் கைக்கு வந்தது. நரபலியை நாம் நியாயப்படுத்தவில்லை. கேள்வி வேறு. அந்தக் கம்பம் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும்போது, காட்டுமிராண்டித்தனம் மலையில் இருந்தது, நாகரிகம் அதை அடக்கியது என்ற ஒரே கதைதான் பார்வையாளருக்குப் போய்ச் சேருகிறது.

மலையிலிருந்து ஒரு கம்பத்தைச் சுமந்து வந்தவர்களுக்கு, எழும்பூரிலிருந்து சில மணிநேரப் பயணத்தில் இருந்த செங்கல்பட்டுப் பண்ணையடிமை முறை சேகரிக்கத்தக்கதாகத் தெரியவில்லை. அதைப் பதிவுசெய்தவர் வேறொரு அதிகாரி. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், பறையர்கள் கடனாலும் குடியிருக்கும் மனையே தங்களுக்குச் சொந்தமில்லாத நிலையாலும் எவ்வாறு அடிமைகளாகக் கட்டுண்டிருக்கிறார்கள் என்று விவரித்தார். அதன் விளைவே 1892ஆம் ஆண்டின் 1010ஆம் எண் அரசாணையும், இன்று நாம் பஞ்சமி நிலம் என்று அழைக்கும் நிலங்களும். சுமார் 12 லட்சம் ஏக்கர் அப்படி ஒதுக்கப்பட்டதாக நில மீட்பு இயக்கங்கள் தொடர்ந்து கூறிவருகின்றன.

ஏறத்தாழ ஒரே காலம், ஒரே மாகாணம். ஓர் அதிகாரி நம் மூக்கை அளந்தார். இன்னொருவர் நமக்கு நிலம் இல்லை என்பதை அளந்தார். முதல் அளவு அருங்காட்சியக வெளியீடானது. இரண்டாவது அளவு வருவாய்த்துறைக் கோப்புகளுக்குள் புதைந்தது. நூறாண்டு கழித்து, 1994இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது ஜான் தாமஸ், ஏழுமலை இருவரின் உயிர் போனது. அந்தக் கோப்பு அருங்காட்சியகப் பொருளைப் போல உறங்கவில்லை என்பதற்கு அவர்களுடைய இரத்தமே சாட்சி.

ஆபரணமா, விலங்கா?

சீட்டு எப்படிப் பொய் சொல்லும் என்பதற்குத் தெளிவான சான்று கல்லுமாலை. திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் கழுத்தில் கல்லும் மணியும் கோத்த மாலைகளை அடுக்கடுக்காக அணிந்திருப்பதை அக்கால ஒளிப்படங்களில் காணலாம். அருங்காட்சியக மொழியில் அது 'புலையர் மகளிரின் மரபுவழி ஆபரணம்'. ஆனால் அந்தப் பெண்கள் பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது, மார்பை மறைக்கக் கூடாது என்ற சாதிக் கட்டளையின் மறுபக்கமே அந்த மாலை. அது அணியப்பட்டது அல்ல, அணிவிக்கப்பட்டது.

1915இல் கொல்லம் அருகே பெரினாட்டில், கல்லுமாலையை அணிய மறுத்த பெண்களும் அவர்களுக்குத் துணைநின்ற இளைஞர்களும் தாக்கப்பட்டார்கள், கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. பின்னர் கொல்லத்தில் அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில் பெண்கள் பலர் பார்க்கத் தங்கள் கல்லுமாலைகளை அறுத்தெறிந்தார்கள். அறுபட்ட மணிகள் மைதானத்தில் சிதறிய அந்தக் கணம்தான் அந்தப் பொருளின் உண்மையான வரலாறு. அதைச் சொல்லாத சீட்டு, விலங்கைக் கொலுசு என்று எழுதிவைப்பதற்குச் சமம்.

பறைக்கும் இதே சிக்கல் உண்டு. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைக்கிறது. பறை என்ற சொல்லுக்கே சொல்லுதல், அறிவித்தல் என்று பொருள். பின்னாளில் சாவுக்கும் ஊர் அறிவிப்புக்கும் கூலியின்றி அடிக்கவேண்டிய கட்டாய ஊழியமாக அது மாற்றப்பட்டபோது, இனி அடிக்கமாட்டோம் என்று பறையைத் தூக்கி எறிந்த ஊர்கள் தமிழகமெங்கும் உண்டு. 1990கள் முதல் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் போன்றோர் அதே பறையை எழுச்சியின் கருவியாக மேடையேற்றினார்கள். எறிந்ததும் விடுதலைக்காக, எடுத்ததும் விடுதலைக்காக. இந்த இரண்டு செயல்களையும் சேர்த்துச் சொல்லாத எந்த விளக்கமும் பறையைப் பற்றிய விளக்கம் ஆகாது.

சேகரிக்கப்படாத பொருட்கள்

பேஷ்வா ஆட்சியில் பூனாவில் தீண்டப்படாதவர் இடுப்பில் துடைப்பம் கட்டி, கழுத்தில் மண்கலயம் தொங்கவிட்டு நடக்க வேண்டியிருந்தது என்று 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதுகிறார். அவர் காலடி பட்ட மண்ணைத் துடைப்பம் பெருக்க வேண்டும். அவர் எச்சில் நிலத்தில் விழாமல் கலயம் தாங்க வேண்டும். பேஷ்வாக்களின் வாளும் பல்லக்கும் போற்றிக் காக்கப்படுகின்றன. அந்தக் கலயத்துக்கு எந்த மாளிகையில் இடம் கிடைத்தது?

அதைப்போல நம் ஊர்களில் தேநீர்க் கடையின் தனிக் குவளை, கொட்டாங்குச்சி, கூலி அளந்த படி ஆகியவை எந்தப் பதிவேட்டில் இருக்கின்றன? படி என்பது வெறும் முகத்தலளவைக் கருவி என்று சீட்டு சொல்லும். கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்ட இயக்கத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அது வேறு கருவி.

பூட்டும் அப்படித்தான். நம் திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்று. ஏறத்தாழ 80 ஆண்டுகளாக அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்த கதவு, மாவட்ட ஆட்சியரும் காவல்துறையும் முன்னிற்கத் திறந்தது. இரும்பாலான பூட்டு எந்தக் கடையிலும் கிடைக்கும். 80 ஆண்டுகள் ஒரு சமூகத்தை வெளியே நிறுத்திய பூட்டு விந்தைப் பொருள் இல்லையென்றால் வேறு எதுதான் விந்தைப் பொருள்?

மீட்டெடுப்பது எப்படி?

சேகரிக்கப்பட்டவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது இக்காலத்தின் நல்ல செய்தி. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் 2020இல் மனித எச்சங்களைக் காட்சியிலிருந்து அகற்றியது. அங்கிருக்கும் தம் மூதாதையரின் எச்சங்களைத் திரும்பக் கொண்டுவர நாகா மக்கள் அமைப்பாகத் திரண்டு உரையாடி வருகிறார்கள். 2024 அக்டோபரில் இங்கிலாந்தின் ஓர் ஏல நிறுவனம் நாகா மண்டையோடு ஒன்றை விற்க முயன்றபோது, எழுந்த எதிர்ப்பால் அது ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது. 1876இல் ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்தவற்றை யாகோர் பெர்லினுக்குக் கொண்டுபோனதையும் நாம் மறக்கலாகாது. திருப்பிக் கேட்பது என்பது தமிழர்களுக்கும் உரிய கேள்விதான்.

ஆனால் தலித்துகளின் கேள்வி பொருள் எங்கே இருக்கிறது என்பதோடு முடிவதில்லை. பெர்லினிலிருந்து சென்னைக்கு வந்தாலும் சீட்டை எழுதும் கை மாறாவிட்டால் நமக்கு என்ன மாறும்? எழுதும் கை யாருடையது என்பதே நம் கேள்வி. இது புதிய கேள்வியும் அல்ல. தர்ஸ்டன் எழும்பூரில் மக்களை அகரவரிசைப்படுத்திக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே சென்னையில், இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, இம்மக்கள் பூர்வ பௌத்தர்கள் என்ற மாற்று வரலாற்றை வாரந்தோறும் எழுதினார். ஒரு பக்கம் நாம் மாதிரிகளாக அடுக்கப்பட்டோம். மறுபக்கம் நாமே ஆசிரியர்களாக இருந்தோம். நம் கல்லூரிகளில் தர்ஸ்டன் கிடைக்கும் அளவுக்குப் பண்டிதர் கிடைப்பதில்லை என்பதுதான் இன்றைய சிக்கல்.

பூனாவில் சிம்பயோசிஸ் நிறுவனம் நடத்தும் அம்பேத்கர் அருங்காட்சியகத்தில் அவருடைய வயலினும் அவர் பயன்படுத்திய கட்டிலும் உள்ளன. அங்கே வரும் எளிய மக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி, குழந்தைகளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டி விளக்குகிறார்கள். பொருளும் பார்வையாளரும் ஒருவருக்கொருவர் அந்நியராக இல்லாத அருங்காட்சியகம் சாத்தியம்தான்.

அதற்கான வேலையைக் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களிலிருந்தே தொடங்கலாம். எழும்பூருக்குச் செல்லும் மாணவர்கள் சீட்டுகளைப் படியெடுத்து வரட்டும். அந்தப் பொருளைக் கையாண்ட சமூகத்தின் பெரியவர்களிடம் அவற்றைப் படித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தத்தை எழுதட்டும். ஒரு பொருள் எந்த ஆண்டில், யாரிடமிருந்து, என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கட்டும். ஊரில் பரணில் கிடக்கும் பறைச் சட்டம், கூலிப் படி, முதல் பட்டா, முதல் தலைமுறைப் பள்ளிச் சான்றிதழ், வழக்கின் முதல் தகவல் அறிக்கை ஆகியவற்றைப் படமெடுத்து, உரியவரின் ஒப்புதலோடு, பெயரோடும் ஊரோடும் பதிவுசெய்யட்டும். சாதிப் பெயர் மட்டும் போதும் என்று தர்ஸ்டன் நினைத்த இடத்தில் நாம் முதலில் எழுதவேண்டியது மனிதரின் பெயர்.

வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சும் பெரியவரிடம் அதன் வரலாற்றைக் கேட்டுப் பாருங்கள். தோல் எங்கிருந்து வந்தது, யார் பழக்கினார், எந்தச் சாவில் அடிக்க மறுத்தார், அதற்கு ஊர் என்ன செய்தது, பின்பு எந்த மேடையில் மறுபடி எடுத்தார் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். அதை முழுவதுமாக எழுதி முடிக்கும்போதுதான் நான்கு வரிச் சீட்டு எதையெல்லாம் விட்டுவிட்டது என்பது நமக்குத் தெரியவரும்.